தமயந்தி விழித்திருந்த வெயில்

வைகைக்குத் தெற்கே, மூடிப்போன மில்லுக்கும் புதிதாக எழும்பிய கல்யாண மண்டபங்களுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் பிரண்டைக்காரத் தெருவில், ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை பொழுது சாயவில்லை. ஆறரைக்கு இறங்கிப்போக வேண்டிய சூரியன் ரேஷன் கடையின் தகரக் கூரைக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றபடியே ஏழானது, எட்டானது. பக்கத்துத் தெருவில் விளக்கைப் போட்டு, சீரியல் பார்த்து, தோசை சுட்டுச் சாப்பிட்டுப் பாயை விரித்தார்கள். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அது அப்பளத் தெரு. வீட்டுக்கு வீடு உளுந்து மாவைப் பிசைந்து, உலக்கையால் இடித்து, உருட்டித் தேய்த்துக் காயப்போட்டுப் பிழைக்கிற பெண்கள் வானத்தை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு சுருட்டி வைத்த பாய்களைத் திரும்ப எடுத்துவந்து விரித்தார்கள். வெயில் அடிக்கும்போது ஏன் அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவள் அப்பளக்காரி இல்லை.

நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்த சோலைமலை, கடைசி நடையை முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு ரேஷன் கடை முனையில் திரும்பினார். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு இருட்டிலிருந்து வெயிலுக்குள் காலெடுத்து வைத்தார். வீட்டில் அவர் மனைவி தமயந்தி சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த கையோடு போய் இரண்டு அப்பளம் தேய்ப்பதும், தேய்த்த கையோடு வந்து சுவரில் நாலு இழுப்பு இழுப்பதுமாக இருந்தாள்.

“வந்துட்டீகளா? இந்தப் பாயைப் புடிங்க. சிங்கப்பூருக்கு அப்பளம் அனுப்பப் போறேன். அங்க மட்டும் என்னாத்துக்கு, கப்பல்ல ஏத்தி ஊர் ஊரா எறக்கிக்கிட்டே போகலாம். ஒங்க பஸ்ஸக்கூட நம்மளே வாங்கிரலாம்.”

“நீ சாப்பிட்டியா தமயந்தி?”

“பசியே இல்லங்க. ஒடம்பு அப்படியே பறக்குது.”

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கியிருக்கவில்லை. தூக்கம் எதற்கு என்றே அவளுக்குப் புரியவில்லை. மண்டைக்குள் ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்தது வந்து கதவைத் தட்டியது, எல்லாமே நல்ல யோசனையாக இருந்தது, எல்லாமே இன்றைக்கே நடக்கும் போலிருந்தது. பெட்டிக்கடைக்காரரிடம் சிரித்தாள், பால்காரரிடம் சிரித்தாள், பத்து வருஷமாகப் பேசாத நாத்தனாருக்குப் போன் போட்டுச் சிரித்தாள். சூரியன் போகாமல் நின்றது அவளுக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. இத்தனை சந்தோஷத்தை விட்டுவிட்டு எவன் போவான் என்றுதான் நினைத்தாள்.

தெரு அந்த வெயிலுக்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. தெருமுனைப் பிள்ளையாருக்கு அர்த்தசாமப் பூஜையை எப்போது செய்வது என்று தெரியாமல் பூசாரி இரண்டு நாள் தவித்தார், பிறகு கோயிலுக்குள் சுவர்க் கடிகாரம் மாட்டிவிட்டார். சேவல்கள் கூவுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இளைத்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கரண்டு போனதும் பக்கத்துத் தெருக்களிலிருந்து புத்தகத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊரெல்லாம் இருந்து சுண்டை வத்தலும் மோர்மிளகாயும் முறம் முறமாக வந்து மொட்டைமாடிகளை நிறைத்தன. மீட்டர் பார்க்க வந்தவர் விளக்கே எரியாத தெருவைப் பார்த்து மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புதிதாகக் கல்யாணமானவர்கள் மட்டும் இருட்டுக்காக அடுத்த தெருவில் சொந்தக்காரர் வீடு தேடினார்கள்.

சித்திரை பிறந்து சில நாளில், நின்ற சூரியன் பொசுக்கென்று இறங்கிப்போனது, மறுநாள் காலையில் வரவில்லை. பக்கத்துத் தெருவில் பளீரென்று விடிந்திருந்தது. அங்கே ஒரு பாட்டுக்காரன் மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தான். ரேஷன் கடை முனையில் கோடு போட்டதுபோல அந்த வெளிச்சம் நின்றது. இந்தப் பக்கம் கும்மிருட்டு. தமயந்தி மஞ்சள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தண்ணீர் குடிக்க எழுவதுகூட மலை ஏறுவதாக இருந்தது. பேச்சு நாக்கு வரைக்கும் வந்து அலுத்துப்போய்த் திரும்பியது. பெண்கள் டார்ச் அடித்து மாவு பிசைந்தார்கள், ஈர அப்பளத்தைத் தலையில் சுமந்துகொண்டு பக்கத்துத் தெருவுக்குக் காயப்போடப் போனார்கள், அங்கே இவர்கள் வாசலை அடைப்பதாகச் சண்டை வந்தது. தூக்க முடியாமல் வீட்டிலேயே விட்டதெல்லாம் பூஞ்சை பிடித்தது. வைகாசிக் கடைசியில் தமயந்தி ஒருநாள் தானாக எழுந்து தலைக்குக் குளித்தாள். அன்றைக்குத்தான் விடிந்தது.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவள் குருவம்மா. தெருப் பெண்களுக்கெல்லாம் ஆர்டர் பிடித்துத் தருகிற சங்கத் தலைவி, குரலை இறக்கிப் பேசத் தெரியாதவள், கெட்ட மனசில்லாதவள். அடுத்த தை மாதம், கல்யாண ஆர்டர்கள் குவிந்த நேரத்தில், தமயந்தி மறுபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் டீ வாங்கிக் கொடுக்கத் தொடங்கினாள். சூரியன் மறுபடி ரேஷன் கடைக் கூரையில் தங்கியது. குருவம்மாவுக்குப் பளிச்சென்று விஷயம் பிடிபட்டுவிட்டது.

“இவ முழிச்சிருக்க வரைக்கும் பொழுது சாயாதுடி” என்றாள்.

அப்பளக்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர்கள் அப்போது செய்தார்கள். ஒருத்தி உடம்பு கெட்டுக் கிடப்பதை வெயில் காலம் என்று எண்ணிக்கொண்டார்கள். முறைவைத்து அவளோடு இருந்தார்கள். ஒருத்தி சுக்குக் காப்பியோடு வந்தாள், அவள் எழுந்து போனதும் இன்னொருத்தி ஊர்க்கதையோடு வந்தாள், அவளுக்கும் கொட்டாவி வந்ததும் மூன்றாமவள் கும்மி அடிக்க ஆள் சேர்த்துக்கொண்டு வந்தாள். “ஒன்னைய மாதிரி மூளைக்காரி மதுரையிலயே இல்லத்தா” என்று சொன்னார்கள். தமயந்திக்கு அதெல்லாம் தேனாக இனித்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. சோலைமலை மட்டும், “அவளைத் தூங்க விடுங்கக்கா, முகமே சரியில்ல” என்று கெஞ்சினார். “இந்த முகூர்த்தம் முடியட்டும் தம்பி” என்று குருவம்மா அவர் கையில் ஒரு கட்டு அப்பளத்தை வைத்து அனுப்பினாள். தமயந்தியின் கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோலக் கறுத்தது, பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடியது, எதிர்த்துப் பேசியவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். தெரு அதையும் வெயிலோடு சேர்த்து வாங்கிக்கொண்டது.

பிறகு விழுந்த இருட்டு பழைய இருட்டு இல்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, தெருவிளக்கின் கீழேயே ஒரு சித்திரைத் திருவிழா போயிற்று. பேத்திக்குக் காது குத்தியவர்கள் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்தார்கள். சன்னலுக்கு வெளியே போகிற வருகிற பெண்கள், “இன்னும் எந்திரிக்கலயா?” என்று கேட்பது தமயந்திக்குக் கேட்டது. கேட்கக் கேட்க அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை ஒரு நாள் கணவரிடம் அமைதியாகச் சொன்னாள்.

“நான் இருக்கதாலதான இருட்டு. நான் இல்லாமப் போயிட்டா தெருவுக்கு விடிஞ்சிரும்ல.”

சோலைமலை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அழவில்லை, அதட்டவில்லை. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து ரேஷன் கடை முனையைத் தாண்டி வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதுவரைக்கும் அவர் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே அதுதான் பெரிய காரியம்.

மனநலப் பிரிவில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு, மனசின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்துகிற லித்தியம் மாத்திரை எழுதி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, சில நாள் அங்கேயே தங்க வைத்தார். பிறகு உளவியலாளர் ஷமீமா பானுவிடம் அனுப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிற, அவசரப்படாத பெண் அவர். தெருவில் பொழுது சாயாத கதையைச் சோலைமலை தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை.

“போன வாரம் வந்தவருக்கு வீட்டுக் கிணத்துல தண்ணி ஏறி எறங்குது. இன்னொருத்தர் வருத்தமா இருந்தா அவங்க காம்பவுண்டே கனமாயிடுதாம், கேட்டைத் திறக்க நாலு பேர் வேணும். உங்களுக்குச் சூரியன். இருக்கட்டும். நீங்க தூங்குறது எத்தனை மணிக்கு, அதைச் சொல்லுங்க.”

தமயந்தி தன் கணக்கை அவரிடமும் சொன்னாள். ஷமீமா பானு அது தப்பு என்று சொல்லவில்லை.

“இது உங்க மனசு சொல்றது. நோவு வந்த மனசு சொல்றதை எல்லாம் சேதின்னு எடுத்துக்கக் கூடாது, விசாரிக்கணும். தெருவுக்கு நல்லதுன்னு சொல்றீங்க. தெருவுல யாரையாவது கேட்டீங்களா?”

“எப்படிங்க கேக்குறது?”

“வாயாலதான். யார்கிட்ட கேட்டா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கும்?”

“குருவம்மாக்காகிட்ட.”

“அப்ப அவங்களைத்தான் கூப்பிடணும்.”

குருவம்மா கைக்குட்டையில் முறுக்கு மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். தமயந்தி அவள் முகத்தைப் பார்க்காமல், சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டே, “யக்கா, நான் இல்லாட்டி ஒங்களுக்கு நல்லா வெயில் அடிக்கும்ல?” என்று கேட்டாள். குருவம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெடுக்கென்று எழுந்தாள். முறுக்கு மடியிலிருந்து சிதறியது.

“அடி கிறுக்கி. வெயில் இல்லாட்டி அடுத்த தெருவுல போய்க் காயப்போடுவேன், சண்டை போட்டாச்சும் போடுவேன். நீ இல்லாட்டி ஒன்னைய நான் எந்தத் தெருவுல போய்த்தா தேடுவேன்?”

இரண்டு பேரும் அழுதார்கள். ஷமீமா பானு அழுகைக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மாத்திரை தரையைப் போட்டுக் கொடுக்கும், அதன்மேல் நடக்கப் பழக வேண்டும் என்றார். பல தேசங்களில் இந்த நோவுக்காரர்களை வருஷக்கணக்காகக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள், எழுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், நாலு பேரைப் பார்க்கிற நேரம், படுக்கிற நேரம் நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் ஏற்றமும் இறக்கமும் குறைகின்றன என்றார். வீட்டார் ஓயாமல் குறை சொன்னாலும் நோவு திரும்பும், ஓயாமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் திரும்பும், அதனால் வீட்டாரையும் உட்கார வைத்துப் பாடம் சொல்வது வழக்கம் என்றார்.

“உங்க வீட்ல யார் யாரு?”

தமயந்தி குருவம்மாவைப் பார்த்தாள், குருவம்மா சோலைமலையைப் பார்த்தாள். “தெருவேதாங்க” என்றார் சோலைமலை.

அப்படித்தான் பிரண்டைக்காரத் தெரு முழுக்க ஒரு குடும்பமாகச் சிகிச்சைக்கு உட்கார்ந்தது. சனிக்கிழமை தோறும் சங்கத்தின் சரக்குக் கிட்டங்கியில் அப்பளக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்தார்கள். பூசாரி வந்தார், பால்காரர் வந்தார், டீ கிடைக்கும் என்று வந்தவர்களும் உண்டு. எந்திரிடி சோம்பேறி என்று சொல்லாமல் ஒருத்தியை எப்படி எழுப்புவது என்று ஷமீமா பானு நடித்துக் காட்டச் சொன்னார். குருவம்மா பலமுறை முயன்றாள், ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தச் சொல் வந்து விழுந்தது, தமயந்தியே பல மாதத்துக்குப் பிறகு சிரித்துவிட்டாள். உடனே எல்லோரும் எட்டிச் சன்னலைப் பார்த்தார்கள், வெளியே லேசாக வெளுத்திருந்தது.

பெரிய சண்டை தூக்கத்தைப் பற்றித்தான் வந்தது. சூரியன் எங்கே நின்றாலும் சரி, கடிகாரத்தில் ஒன்பது ஆனதும் தெருவே கதவடைத்துப் படுக்க வேண்டும் என்றார் ஷமீமா பானு.

“உச்சி வெயில்ல படுக்கச் சொல்றீகளேம்மா, ஒலகம் சிரிக்காதா?” என்று குருவம்மா எழுந்து நின்றாள்.

“சூரியன் நேரம் தவறி நிக்குது. அது தவறுதுன்னு நீங்களும் தவறலாமா?”

“அது நிக்குறப்ப காயப்போட்டாத்தானம்மா எங்களுக்குச் சோறு.”

“போட்டீங்களே, தை மாசம். அப்புறம் எத்தனை மாசம் இருட்டு?”

குருவம்மா உட்கார்ந்துவிட்டாள்.

தமயந்திக்குக் கொடுத்த வேலை சின்னது. மனசு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, காலை பத்து மணிக்கு எழுந்துபோய் ஒரு அப்பளம் தேய்க்க வேண்டும், ஒன்று போதும். டார்ச் வெளிச்சத்தில், கை கேட்காமல், கண்ணில் தண்ணீரோடு ஒரு அப்பளம் தேய்த்தாள். அது வட்டமாகவே இல்லை. மறுநாளும் பத்து மணிக்கு ஒன்று தேய்த்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு. மாத்திரையால் கை லேசாக நடுங்கியது, தாகம் எடுத்தது, எடையும் கொஞ்சம் கூடியது. அதையெல்லாம் சொன்னபோது டாக்டர் அளவை மாற்றினார், எழுதிக் கொடுத்ததை அவள் நிறுத்தவில்லை. தெருவில் காலையில் முதலில் சாம்பல் நிறம் வந்தது, பிறகு பல் துலக்குகிறவர்களின் முகம் தெரிந்தது, ஆனி பாதியில் சூரியன் ஒரு சாதாரண சூரியனாக வந்து, ஒரு சாதாரண சூரியனாகப் போனது. யாரும் கூட்டம் கூடிப் பார்க்கவில்லை, அவரவர்க்கு வேலை இருந்தது.

நோவு போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. அது விருந்தாளி மாதிரி திரும்ப வரும், வருவதை வாசலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஷமீமா பானு சொல்லியிருந்தார். அது அடுத்த தையில் வந்தது. திண்டுக்கல் சமையல்காரர் ஒருவருக்குத் தொடர்ந்து பல கல்யாணங்களுக்கு அப்பளம் தருவதாகக் குருவம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். தெருவெங்கும் மாவு இடிக்கும் சத்தம். தமயந்தி அன்றைக்கு அரை மணி முன்னதாக விழித்தாள், மறுநாள் ஒரு மணி முன்னதாக. பெட்டிக்கடையில் நின்று எல்லா வீட்டுக்கும் டீ சொல்லப் போனவள், வாயைத் திறந்த இடத்திலேயே நின்றாள். மண்டைக்குள் சிங்கப்பூர்க் கப்பல் மெதுவாக ஊதியது. திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் மணி ஏழு. ரேஷன் கடைக் கூரைமேல் சூரியன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

எத்தனை அழகாக இருந்தது அது! யாரிடமும் சொல்லாமல் இன்னும் ஒரே ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதற்காக அவளைக் குறைசொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவள் நேரே குருவம்மா வீட்டுக்கு நடந்தாள். குருவம்மா முழங்கை வரைக்கும் மாவோடு வாசலில் நின்று அதே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, ஏறுது.”

“ரொம்பவா?”

“நல்லா இருக்குக்கா. அதான் பயமா இருக்கு.”

குருவம்மா வெயிலைப் பார்த்தாள். பிசைந்த மாவைப் பார்த்தாள். அடுக்கி வைத்த காலிப் பாய்களைப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தமயந்தியின் உயிர் அவள் கையில்தான் இருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியும். குருவம்மா ஈரத்துணியை எடுத்து மாவை மூடினாள்.

“திண்டுக்கல்காரருக்கு நான் பேசிக்கிறேன். வேற எவன்கிட்டயாச்சும் வாங்கிக்கிறட்டும். நீ போய் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போனைப் போடு. சாப்பிடு. ஒம்போதுக்குப் படு.”

ராத்திரி ஒன்பது மணிக்கு, பட்டப்பகலில், பிரண்டைக்காரத் தெரு கதவடைத்தது. பாய்கள் உள்ளே போயின, உலக்கைகள் சாய்ந்தன, பால்காரர் டீக்கடைப் பாய்லரை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டினார், பூசாரி நடை சாத்தினார். சன்னல்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, போர்வை ஓட்டை வழியே குத்துகிற வெயிலில், வேர்த்துக் கொட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. தமயந்தி சோலைமலையின் பக்கத்தில் படுத்திருந்தாள். போனில் டாக்டர் சொன்னபடி மாத்திரையைச் சாப்பிட்டாயிற்று. யோசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தட்டின. ஷமீமா பானு சொல்லிக் கொடுத்தபடி அவள் எதையும் விரட்டவில்லை, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்தாள். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வா என்று கப்பலிடம் சொன்னாள். நீ அதற்குப் பிறகு வா என்று பஸ்ஸிடம் சொன்னாள். சோலைமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், வெளியே ஒரு குரல் இல்லை, ஒரு உலக்கைச் சத்தம் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதிச் சொல்லில் நின்றுபோனாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை ஓட்டையில் வெயில் சிவப்பாயிற்று. ஒவ்வொரு கதவாகச் சத்தமில்லாமல் திறந்தது. செருப்புப் போடாமல் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். ரேஷன் கடைக் கூரையிலிருந்து சூரியன் எழுந்து, சோம்பல் முறித்து, மில் சுவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வானம் முழுக்கச் செம்பருத்தி நிறம். ஒரு இளம்பெண் தாங்க முடியாமல் நாக்கைச் சுழற்றிக் குலவையிட வாயைத் திறந்தாள், குருவம்மா பாய்ந்து மாவு வாசம் போகாத கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

“சத்தம் போடாதடி” என்றாள், தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குரலை இறக்கி. “அவ தூங்குறா.”